நாப்பது நிமிஷம் மான ஒளிச்சு வச்ச மாமா

என் மாமனார் ஒரு மான நாப்பது நிமிஷம் என்கிட்டேருந்து ஒளிச்சு வச்சாரு. ஒளிச்சு வச்சாருன்னா போர்வை போட்டு மூடல. அது பாட்டுக்கு எங்க கண்ணுக்கு நேரா, ஒரு நூறு மீட்டர் தூரத்துல, காட்டோரத்துல படுத்திருந்துச்சு. அவரு பாத்துட்டாரு. பாத்துட்டு ஒண்ணும் பேசாம நகந்து எனக்கு எடம் விட்டுட்டு, தெர்மோஸ தொறந்து தேத்தண்ணி ஊத்தி குடிச்சாரு. நான் அந்த நாப்பது நிமிஷமும் இலை இலையா எண்ணிக்கிட்டு இருந்தேன். இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகுது, இன்னும் எனக்கு ஆறல. காடி ஓட்டும்போது, கேஎல் (கோலாலம்பூர்) ஜாம்ல நிக்கும்போது, ராத்திரி தூக்கம் வராம புரளும்போது திரும்பத் திரும்ப அதே கேள்விதான். மாமா ஏன் வாயத் தொறக்கல?

என் வீட்டுக்காரிகிட்ட கேட்டா "அப்பா அப்டித்தான்"னு ஒரே வரில முடிச்சிடுவா. ஆபீஸ்ல சொன்னா சிரிக்கிறாங்க, மான் பாக்கப் போனியா, அதுக்கு ட்ரைபாட் வேறயான்னு. அதனால இங்க எழுதி வைக்கிறேன்.

மலை ஆடுதா, நீங்க ஆடுறீங்களா

எல்லாம் எம்சிஓல, அதான் கொரோனா ஊரடங்குல, ஆரம்பிச்சது. 2020 மார்ச் 18லேருந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தப்ப பால்கனிதான் எனக்கு வெளியூரு. வங்சா மாஜுல எங்க ஃப்ளாட்டுக்கு எதிரதான் புக்கிட் டிண்டிங். அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆயிருந்துச்சு, அது வரைக்கும் அந்த மலைய நான் ஒரு தடவ கூட ஒழுங்கா பாத்ததில்ல, துணி காயப்போட எடஞ்சல் இல்லாத ஒரு பச்ச செவரு, அவ்ளோதான். வேல இல்லாத சாயங்காலத்துல பாக்க ஆரம்பிச்சு, ஏதோ ஆடுது ஏதோ கத்துதுன்னு ஆச வந்து, ஆன்லைன்ல ஒரு பைனாகுலர் வாங்குனேன். 10×42. எட்டு பெருசா பத்து பெருசா, பத்துதானே, அதான் பத்து. பத்து மடங்கு பெருசா காட்டும்னு நெனச்சேனே தவிர, என் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருசா காட்டும்னு யாரும் சொல்லித் தரல.

ரெண்டு வருஷம் அப்டியே பாத்தேன். பாத்தேன்னு சொல்றதே தப்பு, தூக்கிப் புடிச்சு அங்க இங்க வீசுவேன், பத்து நிமிஷத்துல தோள் வலிக்கும், அப்புறம் தலை வலிக்கும், உள்ள போயிடுவேன். எதையாவது கண்டுபிடிச்சேனான்னு கேட்டீங்கன்னா, மலையோரத்துல யாரோ காயப்போட்ட செவப்பு சட்டைய மட்டும் கண்டுபிடிச்சேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு வந்த தீபாவளிக்கு மாமாவும் அத்தையும் பஹாங் மாநிலத்து ஜெராண்டுட்லேருந்து வந்திருந்தாங்க. மாமா ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவரு. தோட்டத்த அழிச்சு செம்பனை (பாமாயில் மரம்) போட்டப்புறம் வேல தேடி, காட்டுல ஆராய்ச்சி பண்ண வர்றவங்களுக்கு சாமான் தூக்கப் போயி, அப்புறம் வழி காட்டப் போயி, கடைசில இருபது வருஷத்துக்கு மேல அதுவே பொழப்பாயிடுச்சு. ரொம்ப பேச மாட்டாரு. காலைல பசியாறிட்டு பால்கனிக்கு வந்தவரு, நான் பைனாகுலர தூக்கிக்கிட்டு நிக்கறத கொஞ்ச நேரம் பின்னாடி நின்னு பாத்துட்டு கேட்டாரு, "மாப்ள, மலை ஆடுதா, நீங்க ஆடுறீங்களா?"

கையிலேருந்து வாங்கி கண்ணுல வச்சு பாத்தாரு. ஒடனே எறக்கிட்டாரு. "இத வச்சா பாத்தீங்க ரெண்டு வருஷமா?" பைனாகுலர்ல வலது கண்ணு பக்கம் ஒரு வளையம் இருக்கும், நம்ம ரெண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்த சரி பண்றதுக்கு. எனக்கு அது என்னன்னே தெரியாது, ஒரு ஓரத்துக்கு திருகிப் போயி கெடந்திருக்கு. வலது கண்ண மூடிக்கிட்டு நடுச் சக்கரத்த திருப்பி இடது கண்ணுக்கு தெளிவா வைக்கணும், அப்புறம் இடது கண்ண மூடிக்கிட்டு அதே பொருள பாத்து அந்த வளையத்த மட்டும் திருப்பணும், அவ்ளோதான் வேல. ரெண்டு நிமிஷம். ரெண்டு வருஷம் தலைவலிக்கு கம்ப்யூட்டர் மேல பழி போட்டு மூக்குக்கண்ணாடி வேற மாத்தியிருந்தேன்.

அடுத்த தடவ வரும்போது ஒரு பழைய துணிப் பையில ட்ரைபாட் கொண்டு வந்தாரு. கூட வேல செஞ்ச வெள்ளக்கார ஆராய்ச்சியாளரு ஒருத்தரு ஊருக்குப் போகும்போது குடுத்துட்டுப் போனதாம். கால் மூணும் கீறல், ஆனா தலை மட்டும் அப்டியே வெண்ணெ மாதிரி திரும்பும், வீடியோ எடுக்கறவங்க வச்சிருப்பாங்களே எண்ணெ போட்ட தலை, அது. பைனாகுலரோட ரெண்டு குழாயையும் சேக்குற நடுக் கீலுக்கு முன்னாடி ஒரு சின்ன மூடி இருக்கும், பலபேரு அது அழகுக்குன்னு நெனப்பாங்க, நானும்தான். அத திருகி கழட்டுனா உள்ள ஒரு மரை. அதுல எல் மாதிரி ஒரு இரும்ப முடுக்கி ட்ரைபாட் மேல உக்கார வைக்கலாம். (மரைன்னதும் நெனப்பு வருது, யாழ்ப்பாணத்துக்கார கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அவங்க ஊர்ல கடமானுக்கு பேரே மரைதானாம். நாம இங்க ரூசான்னே சொல்லிப் பழகிட்டோம்.)

ட்ரைபாட்ல வச்சு மொத தடவ பாத்தப்ப எனக்கு வந்தது சந்தோஷம் இல்ல, ஒரு மாதிரி பயம். மலை நின்னுடுச்சு. அந்த அமைதி எப்டின்னா, கல்யாண வீட்டுல மேளம் டக்குன்னு நின்னா ஒரு செகண்ட் காது அடைக்குமே, அது மாதிரி கண்ணு அடைச்சுது. ரெண்டு வருஷமா படம் முழுக்க ஆடிக்கிட்டே இருந்ததுல எது தானா ஆடுது எது என் கையால ஆடுதுன்னு பிரிக்கவே முடியல, இப்ப ஆடறது எல்லாம் நெஜமாவே ஆடறதுதான். ஒரு எல தனியா ஆடுது, காத்து இல்ல, ஏன் ஆடுது? பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குப் பின்னாடி ஒரு கை வருது, அப்புறம் குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு ஒரு குரங்கு வருது. சாதாரண கேரா குரங்குதான், எங்க குப்பைத் தொட்டியில தெனம் பாக்குறதுதான். ஆனா தூரத்து மலையில அதுக்குத் தெரியாம அதப் பாத்தது வேற.

நெரை

மாமா பாக்கக் கத்துக்குடுத்த வெதம் முழுக்க தோட்டத்து பாஷை. பால் வெட்டுல ஒரு ஆளுக்கு இத்தன நெரைன்னு பிரிச்சு விட்டுருவாங்க, நானூறு ஐநூறு மரம் வரும், ஒண்ணு விடாம வெட்டணும், நடுவுல ஒரு மரத்த விட்டா கங்காணி கண்டுபிடிச்சிருவாரு. மலையையும் அப்டித்தான் நெரை பிடிச்சு பாக்கணும்னாரு. இடது ஓரத்துல ஆரம்பிச்சு, பைனாகுலர நிறுத்திட்டு, வட்டத்துக்குள்ள கண்ண மட்டும் நகத்தணும், நடுவுல மட்டும் இல்ல, ஓரம் வரைக்கும். முடிஞ்சப்புறம் ட்ரைபாட் தலைய அரை வட்டம் நகத்தணும், முழு வட்டம் இல்ல, பாத்ததுல பாதி திரும்ப வரணும். கடைசி வரைக்கும் போயி, ஒரு நெரை கீழ எறங்கி, திரும்பி வரணும். நான் செஞ்சது என்னன்னா பைனாகுலர கூட்டுமாறு மாதிரி போட்டு பெருக்குனேன். "இது பெருக்குற வேல இல்ல மாப்ள, பொறுக்குற வேல"ன்னாரு. அவரு பேசுனதுலயே இதுதான் கொஞ்சம் வசனம் மாதிரி இருந்துச்சு, அதுக்கும் அவரே வெக்கப்பட்டு உள்ள போயிட்டாரு.

இன்னொண்ணு சொன்னாரு. காலைல பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு, விடியறதுக்கு முன்னாடியே, தலையில லைட்ட கட்டிக்கிட்டு மரத்துக்குப் போவாங்க, ஏன்னா குளிர்ச்சியில பால் நல்லா எறங்கும், வெயில் ஏறுனா நின்னுடும். அந்த இருட்டுல ரப்பர் தோட்டம் முழுக்க நெட்டுக்குத்தான கோடுதான், வரிச வரிசையா. அதுல படுத்த மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அது மாடா இருக்கும், நாயா இருக்கும், கீஜாங்கா (கேளையாடு, ஒரு சின்ன மான்) இருக்கும், இல்லன்னா தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியோட மோட்டார் சைக்கிளா இருக்கும். கிராணி மோட்டார் சைக்கிள்னா ஒழுங்கா வேல செய்யணும், கீஜாங்னா சும்மா பாத்துட்டுப் போகலாம், அதனால பத்து வயசுலயே இந்தக் கோட்ட பிரிச்சுப் பாக்க கண்ணு பழகிடுச்சாம். காட்டுலயும் அதேதான். மான தேடாதீங்க, முழு மான் யாருக்கும் கெடைக்காது, ஒரு முதுகுக் கோடு, ஒரு மடக்குன காலு, ஈரமா மின்னுற மூக்கு, ஒரு காது, அவ்ளோதான் கெடைக்கும்னாரு.

நான் சும்மா இருப்பேனா, வீடியோவா பாத்துத் தள்ளுனேன். இந்த ட்ரைபாட் பைனாகுலர் கலையில பெரிய ஆளுங்க அமெரிக்காவுல அரிசோனா பக்கம் வேட்டைக்காரங்கதான், அங்க கூஸ்னு ஒரு சின்ன வெள்ளவால் மான் இருக்கு, சாம்பல் நெறம், கல்லோட கல்லா நிக்கும். அவங்க 15×56 மாதிரி பெரிய கண்ணாடிய ட்ரைபாட்ல வச்சு மணிக்கணக்கா உக்காந்து ஒரு மலைய மட்டும் பாப்பாங்க. அதப் பாத்துட்டு நானும் பதினஞ்சு வாங்கலாமான்னு மாமாகிட்ட போன் போட்டு கேட்டேன். அவரு கேட்டது ஒண்ணுதான், "அங்க மரம் இருக்கா?" இல்ல. மொட்ட மலை, முள்ளுச்செடி, எதிர்மலைய ஒரு கிலோமீட்டர் தாண்டிப் பாக்குறாங்க. நம்ம காட்டுல நூறு மீட்டர் தொறந்து கெடந்தாலே அது பெரிய மைதானம். பதினஞ்சுல வட்டம் சின்னதாயிடும், சாயங்காலத்துல சீக்கிரம் இருட்டிக்கும். பணம் மிச்சம்.

பும்புன்

2023 ஜூலைல, பள்ளிக்கூட லீவு இல்லாத நேரமா பாத்து, ரெண்டு பேரும் குவாலா தஹான் போனோம். கேஎல்லேருந்து காராக் ஹைவே புடிச்சு தெமெர்லோ, ஜெராண்டுட்ல மாமாவ ஏத்திக்கிட்டு, அங்கேருந்து செம்பனைக்கு நடுவுல வளஞ்சு வளஞ்சு போற சடக்கு. தெம்பெலிங் ஆத்துல மெதக்குற சாப்பாட்டுக் கடையில கஞ்சி மாதிரி ஒரு நாசி கோரெங் சாப்ட்டுட்டு, சம்பான்ல ஆத்த தாண்டி அந்தப் பக்கம் ஏறுனா தாமான் நெகாரா, தேசியப் பூங்கா. 4,343 சதுர கிலோமீட்டர், மூணு மாநிலத்துல விரிஞ்சு கெடக்கு, உள்ளதான் குனோங் தஹான், 2,187 மீட்டர். நான் இத எல்லாம் போன்ல படிச்சு சொல்லிக்கிட்டே வந்தேன், மாமா "ம்" கொட்டிக்கிட்டே வந்தாரு. அவரு வாழ்க்க பூரா நடந்த காடு அது.

நாங்க தூரமா போகல. உள்ள நடந்து போயி ராத்திரி தங்குற மாதிரி பும்புன் எல்லாம் இருக்கு, கும்பாங் பும்புன் மாதிரி. மாமாவுக்கு முட்டி வலி, எனக்கு அட்டை பயம். அதனால நுழைவாசல் பக்கத்துலயே இருக்கற தஹான் பும்புனுக்குத்தான் போனோம். பும்புன்னா தெரியாதவங்களுக்கு, மரத்துல கட்டுன ஒரு மறைப்பு வீடு, செவுத்துல நீளமா ஒரு தொறப்பு, எதிர ஒரு வெட்டவெளி, அதுல ஜெனுட். ஜெனுட்னா உப்பு ஊறுற எடம், காட்டுல எலை தழைல உப்புச் சத்து கம்மி, அதனால ரூசா, தாப்பிர், பன்னி எல்லாம் அந்த மண்ணையும் தண்ணியையும் தேடி வரும்.

சாயங்காலம் அஞ்சரை இருக்கும். உள்ள போனதும் நான் பையிலேருந்து கோடாலித் தைலத்த எடுத்தேன், கொசுக்கடிக்கு. மாமா கையப் புடிச்சுட்டாரு. "பஹாங் முழுக்க வாசம் அடிக்கும்." டார்ச் லைட்டுக்கு முன்னாடியே செவப்பு மிட்டாய்த் தாள் சுத்தி கொண்டு வந்திருந்தாரு, மானுக்கு செவப்பு நம்மள மாதிரி தெரியாது. பெஞ்சு மேல ட்ரைபாட் காலக் குட்டையா வச்சு நிறுத்துனாரு. மொதல்ல வெறுங்கண்ணால வெட்டவெளிய ஒரு சுத்து. அப்புறம் பைனாகுலர்ல ஒரு ரெண்டு நிமிஷம், இடதுலேருந்து வலது. எங்கயோ ஒரு எடத்துல கொஞ்சம் நின்னாரு, இப்ப யோசிச்சா நின்ன மாதிரிதான் இருக்கு. அப்புறம் நகந்தாரு. "பாருங்க மாப்ள."

நான் ஆரம்பிச்சேன். நெரை ஒண்ணு. புல்லு, சேறு, சேத்துல மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கூட்டமா உக்காந்திருக்கு. நெரை ரெண்டு. ஒரு காட்டுக்கோழி சேவல், நல்ல செவப்பு, கெளறிக்கிட்டு போகுது. நெரை மூணு காட்டோரம், பெரணி, கொடி, ஒரு பழைய மரக்கட்டை, மறுபடி பெரணி. மேல அடுத்த நெரை. முடிச்சிட்டு திரும்ப மொதல்லேருந்து. நடுவுல ரெண்டு வெள்ளக்காரப் பசங்க வந்து எட்டிப் பாத்து "ஏதாவது இருக்கா"ன்னு கேட்டாங்க, மாமா சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனாரு, அந்தத் தலையாட்டு ஆமாவா இல்லையான்னு நம்ம ஆளுங்களுக்கே தெரியாது, அவங்களுக்கு எங்க தெரியும், மூணு நிமிஷம் நின்னுட்டு போயிட்டாங்க. மூணாவது சுத்து. முதுகு வலி. ஒரு கட்டத்துல நான் மான தேடல, மாமா முன்னாடி தேடுற மாதிரி காட்டிக்கிட்டு இருந்தேன், ஒத்துக்குறேன்.

நாலாவது சுத்துல அலுத்துப் போயி நடுச் சக்கரத்த சும்மா திருகுனேன். நெசமா சும்மாதான். அது வரைக்கும் நான் ஃபோக்கஸ் எப்பவும் முன்னாடி எதுல தெளிவா நிக்குதோ அதுலயே விட்டு வச்சிருந்தேன், அதாவது முன்னாடி இருக்கற பெரணியில. பத்து மடங்குல பாக்கும்போது ஆழம் ரொம்ப கம்மி, ஒரு அடுக்கு தெளிவா இருந்தா அதுக்குப் பின்னாடி அடுக்கு மங்கிடும். சக்கரத்த கொஞ்சம் திருப்புனதும் முன்னாடி இருந்த பெரணி பொகை மாதிரி கரைஞ்சு போச்சு, அதுக்குப் பின்னாடி இருந்த எடம் மேல எழும்பி வந்துச்சு. அந்த மரக்கட்டை. மூணு தடவ தாண்டிப் போன அதே கட்டை. அதோட மேல் ஓரம் படுக்கையா ஒரு கோடு. கட்டைதானே, படுத்துத்தான் கெடக்கும்னு நகத்தப் போனேன், அப்ப அதோட ஒரு முனையில ஏதோ டக்குன்னு ஒரு தடவ ஆடுச்சு. எல இல்ல. எல ஆடுனா திரும்ப ஆடி நிக்கும், இது ஒரே தட்டு, ஈய வெரட்டுற தட்டு.

காது. அவ்ளோதான், அந்த ஒரு காதுலேருந்து மிச்சம் எல்லாம் தானா வந்து ஒட்டிக்கிச்சு. காதுக்குக் கீழ கண்ணு, கண்ணுலேருந்து மூக்கு, கழுத்து, கட்டையோட மேல் ஓரம்னு நெனச்சது முதுகு. பொட்ட ரூசா, கொம்பு இல்ல, நல்ல கருத்த பழுப்பு, காலை மடக்கிப் படுத்துக்கிட்டு அசை போடுது. தாடை பக்கவாட்டுல போயி வருது. அதுக்கு அப்புறம் நான் எவ்ளோ முயற்சி பண்ணாலும் அந்தக் கட்டைய திரும்பப் பாக்க முடியல, மான்தான் தெரியுது. கைய எடுத்து மாமா தொடையில தட்டுனேன், மாமனார் தொடையில தட்டுன மொத மாப்ள நானாத்தான் இருப்பேன். "மாமா, ரூசா. காது ஆடுது. பெரணிக்குப் பின்னாடி."

"ம்."

"எப்பலேருந்து இருக்கு?"

"நாம வந்ததுலேருந்து."

அப்டி சொல்லிட்டு தேத்தண்ணி கப்ப எனக்கு நீட்டுனாரு. ஆறிப் போயிருந்துச்சு. நான் மணி பாத்தேன், ஆறு இருபத்தஞ்சு. சந்தோஷம் ஒரு பக்கம் பொங்குது, கண்ணு கூட கலங்குச்சு, அதே நேரத்துல காது சூடாகுது. இத்தன நேரமும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிச்சாரா? அந்த நாப்பது நிமிஷத்துல அது எழுந்து போயிருந்தா? கொஞ்ச நேரத்துல பின்னாடி பலகைப் பாதையில யாரோ சத்தமா சிரிச்சாங்க. ரூசா எழுந்திருச்சு. எழுந்து நின்னப்பதான் எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சுது, ஒரு சின்ன மாடு அளவு. எங்க பக்கம் நேரா பாத்து முன்னங்கால தரையில ரெண்டு தடவ ஓங்கி தட்டுச்சு, வால் நிமிந்துச்சு, "டங்க்"னு ஒரு சத்தம், தகர டின்ன அடிச்ச மாதிரி. அப்புறம் காடு அத மூடிக்கிச்சு.

வழி பூரா

வரும்போது தெமெர்லோல நிறுத்தி பாத்தின் மீன் சாப்ட்டோம். அந்த ஊரு பேரு வாங்குனதே அந்த மீன்லதான். தெம்போயாக் (புளிக்க வச்ச டுரியான்) போட்ட கொழம்பு எனக்கு உசிரு, அன்னிக்கு ஒண்ணும் எறங்கல. மாமா நல்லா சாப்ட்டாரு. கேஎல் வர்ற வரைக்கும் நான் நாலு வார்த்த பேசியிருந்தா அதிகம். அவருக்கு வித்தியாசமே தெரியல, பேசாம வர்றதுதான் அவருக்கு வசதி.

அதுக்கப்புறம் என் மண்டைக்குள்ள ஓடுன வழக்க சொல்றேன். மொதல்ல, இது பாடம்னு ஒரு கட்சி. அவரு காட்டியிருந்தா நான் ஒரு மான பாத்திருப்பேன், காட்டாததால மான பாக்கக் கத்துக்கிட்டேன். இதச் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, ஃபார்வர்ட் மெசேஜ் மாதிரி இருக்கறதாலயே எனக்கு இது புடிக்கல. நான் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன். புதுசா வந்த பொண்ணு ஒண்ணு பேலன்ஸ் ஆகலன்னு ரெண்டு மணி நேரமா மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தா, எந்த வரியில ரெண்டு நம்பர் மாறியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, நான் சொல்லிடுவேன். சொன்னா அவ கத்துக்க மாட்டாளா? கத்துக்குவா. அதுவும் கணக்கு எழுந்து காட்டுக்குள்ள ஓடாது. மான் ஓடும்.

ஆனா எதிர்க்கட்சிக்கும் ஒரு ஞாயம் இருக்கு, அது எனக்கு மெதுவாத்தான் ஒறைச்சுது. காட்டுக் குடுக்கறதுன்னா என்ன நடக்கும்? "அதோ அங்க, பெரிய மரத்துக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழ" ன்னு சொல்லுவாங்க. நாம பாப்போம். ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது தடவ சொல்லுவாங்க. அப்பயும் தெரியாது. மூணாவது தடவைக்கு வெக்கம் வந்துடும், "ஆ, ஆமா, ஆமா, பாத்துட்டேன்"னு சொல்லிடுவோம். பொய். நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா, புலாவ் பினாங்ல கொடிமலைல ஒருத்தரு பறக்கும் அணில்னு காட்டுனப்ப, சின்ன வயசுல அப்பா நட்சத்திரம் காட்டுனப்ப, கோயில்ல அலங்காரத்துக்கு நடுவுல சாமி மொகம் தெரியுதான்னு பாட்டி கேட்டப்ப கூட. ஆமா ஆமா. பாக்காத எத்தனையோ விஷயத்த நான் பாத்த கணக்குல எழுதி வச்சிருக்கேன். மாமா இருபது வருஷம் அந்த ஆமா ஆமாவ கேட்ட மனுஷன். ஒரு தடவ அவரே சொல்லியிருக்காரு, விருந்தாளிங்க நூறு பேரு வந்தா எம்பது பேரு பாக்காமத்தான் போட்டோ எடுப்பாங்கன்னு. அந்த ரூசாவ நான் பாத்தேன்னு சொல்றப்ப அதுல துளி பொய் கெடையாது, என் வாழ்க்கையில சந்தேகமே இல்லாம பாத்த மொத மிருகம் அது.

மூணாவது கட்சி கொஞ்சம் கேவலம். மாப்ளையை சோதிச்சாரு. பொண்ணு குடுத்து பதினோரு வருஷம் கழிச்சு, இந்த ஆள் எவ்ளோ நேரம் பொறுமையா உக்காருவான், எப்ப போன எடுப்பான்னு பாத்தாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு இது ரொம்ப நம்புற மாதிரி இருக்கும். காலைல பல்லு வெளக்கும்போது இருக்காது.

இதுக்கு நடுவுல ஒண்ணு. மான்னா நமக்கு எப்பவும் கண்ணு முன்னாடி நிக்கற பொருள்தான், நாட்டோட மத்திய பேங்க் பேங்க் நெகாராவோட சின்னமே கீஜாங், முன்னாடி ஓடுன குட்டிக் காடி கஞ்சில் (சருகுமான்), பிள்ளைங்களுக்கு சொல்ற கதை சாங் கஞ்சில். படத்துல எல்லா எடத்துலயும் இருக்கு. காட்டுல இருக்கற நெலம வேற. மாமா சின்ன வயசுல தோட்டத்துல மான் கறி பங்கு பிரிச்சு சாப்ட்டவரு, அத மறைக்கவும் மாட்டாரு. ரூசாவும் கீஜாங்கும் கொறஞ்சு போயி 2009ல வேட்டை லைசன்ஸே நிறுத்துனாங்க. ரூசா கொறஞ்சா புலி கொறையும், 2016லேருந்து 2020 வரைக்கும் எடுத்த கணக்குல நம்ம மலாயாப் புலி 150க்கும் கம்மின்னு வந்துச்சு. அந்தப் பொட்ட ரூசா படுத்து அசை போட்டது எனக்கு ஒரு சாயங்காலம், மாமாவுக்கு அது என்னவா இருந்திருக்கும்னு நான் அன்னிக்கு யோசிக்கவே இல்ல. ஒருவேள எனக்குக் காட்டணும்னே அவருக்குத் தோணலையோ, சும்மா கொஞ்ச நேரம் அது இருக்கட்டும்னு இருந்தாரோ.

போன மாசம் என் மக, எட்டு வயசு, பால்கனிக்கு வந்து ட்ரைபாட் முன்னாடி உக்காந்தா. எதிர் மலையில ஒரு கேரா கூட்டம் நல்லா வெளிய வந்து உக்காந்திருக்கு, நான் ஏற்கனவே பாத்துட்டேன். சரி, மாமா மாதிரி இருந்து பாப்போம்னு வாய மூடிக்கிட்டேன். பதினோரு செகண்ட். சத்தியமா எண்ணுனேன். "அங்க பாரும்மா, அந்த காஞ்ச மரத்துக்கு பக்கத்துல!" அவளும் சொன்னா, "ஆமாப்பா, ஆமா." பாத்தாளான்னு எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் பொறுக்க முடியல. இந்தப் பொங்கலுக்கு ஜெராண்டுட் போனப்ப, சாப்ட்டு முடிச்சு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கும்போது கேட்டே கேட்டுட்டேன். மாமா, அன்னிக்கு பும்புன்ல, நீங்க மொதல்லயே பாத்துட்டீங்க, நாப்பது நிமிஷம் ஏன் எனக்குச் சொல்லல? ஒன்றரை வருஷமா தயார் பண்ணி வச்ச கேள்வி, கொரல் கொஞ்சம் நடுங்குச்சு.

மாமா வெத்தலைய மடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் யோசிச்சாரு. "எந்த மானு?"

சொன்னேன். பெரணி, கட்டை, காது.

"அதுவா." சிரிச்சாரு. "எனக்கே அது மான்னு தெரியாது மாப்ள. கட்டை மாதிரியும் இருந்துச்சு, ரூசா மாதிரியும் இருந்துச்சு. அந்த வருஷம்தானே எனக்கு கண்ணு ஆப்பரேஷன் பண்ணல? சொல்லிட்டு அது கட்டையா போயிட்டா, மாப்ள முன்னாடி நல்லாவா இருக்கும்? அதான் நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

"நாம வந்ததுலேருந்து இருக்குன்னு சொன்னீங்களே மாமா."

"நீங்க காது ஆடுதுன்னு சொன்னப்புறம்தானே சொன்னேன்."

உள்ளேருந்து அத்தை கொரல் வருது, "அவரு சொல்றத எல்லாம் நம்பாதீங்க தம்பி, மனுஷன் ராத்திரில கொசு எந்த செவுத்துல உக்காந்திருக்குன்னு சொல்லுவாரு." மாமா அதுக்கும் சிரிச்சாரு. வெத்தலைய வாயில போட்டாரு, அதுக்கு மேல பேச முடியாதுல்ல, வசதியா போச்சு. மென்னு துப்பிட்டு வந்து உக்காந்தப்புறம் கேட்டாரு, "அந்த ட்ரைபாட் தலைய எப்ப மாப்ள திருப்பித் தருவீங்க?"